கப்பெஸ்தேரை விசாரித்த கதை

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என்னைப் பற்றி இரண்டு கதை உண்டு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஒன்று. ஒரு ஆளின் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், மூன்று கேள்விக்குள் அந்த ஆளைப் பிடித்துவிடுவேன் என்பது மற்றது. இரண்டும் உண்மைதான், நான் மறுக்கிறதில்லை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவின் மேல் முனையில் மரக்கறியும் பலசரக்கும் விற்கிற ஒரு கடையில் காசுப் பெட்டியடியில் நிற்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தால் எங்கடை சனம் சாதகத்தை ஐயரிடம் கொண்டுபோகும், ஊரை என்னிடம் கொண்டுவரும். "அக்கா, பொடியன் இன்ன ஊராம், ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று முருங்கைக்காய் தெரிந்தெடுக்கிற சாக்கில் வந்து நிற்பார்கள். நான் கேட்பேன்: கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ? எந்தக் கிணத்திலை அள்ளுறவை? எந்த ஒழுங்கை? சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டேன். அது பண்பில்லாத ஆட்கள் கேட்கிற கேள்வி. கோயிலையும் கிணற்றையும் ஒழுங்கையையும் கேட்டால் மற்றது தானாக வந்து விழும். பாரிசில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் எங்கள் ஆட்கள் கேட்கிற முறை இதுதான்.

குவாதலூப் என்ற பெயர் முதன்முதல் என் காதில் விழுந்தது இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில். அந்த மாதங்களில் எங்களுக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்த கையோடு படங்களைத் தூக்கிக்கொண்டு றோட்டில் போய் நிற்போம். தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து செய்தியைப் போட்டால் எங்கள் பெயரே வராது. கரிபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவில் வேலைநிறுத்தம் என்று அதைத்தான் காட்டுவார்கள். பெற்றோல் விலை, சாப்பாட்டுச் சாமான் விலை, சம்பளம் என்று சனம் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகும். "இஞ்சை சனம் சாகுது, உவை பால் விலைக்கு மேளம் அடிக்கினம்!" என்று தொலைக்காட்சியைப் பார்த்து ஏசினேன். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த என் மகள், "அவர்களுக்கும் பசிக்கும்தானே அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். கோபத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். தீவும் அதோடு மறந்துபோயிற்று.

சில வருடம் கழித்து அதே குசினியில் வைத்துத்தான் மகள் அந்தப் பெயரை மறுபடி சொன்னாள். அவள் படித்து முடித்து ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒராள் இருக்கிறார், அங்கேயே ஆண் தாதியாக வேலை செய்கிறார், இரண்டு பேருக்கும் விருப்பம் என்றாள். எந்தப் பிள்ளை என்ன வயது என்று ஒன்றும் நான் கேட்கவில்லை.

"எந்த ஊர்?" என்றேன்.

"குவாதலூப்."

"கறுவலோ?"

அந்தச் சொல் அப்படியே வாயில் இருந்து விழுந்தது. அவள் கைபேசியை நீட்டினாள். படத்தில் இருந்தது எங்கள் முகம். எங்கள் நெற்றி, எங்கள் தலைமயிர், காதுகூட எங்கள் காது. கீழே குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் உருக்குலைந்து கிடந்தது, ஆனால் வாய்விட்டு வாசித்தால் நல்ல தமிழ்ச் சாமிப் பெயர். "அடியே, உது எங்கடை ஆளெல்லே!" என்று துருவிய தேங்காயோடு அவளைக் கட்டிப்பிடித்தேன். அந்தச் சந்தோஷம் தேங்காய்ப் பூ கையில் காய்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. எங்கடை ஆள்தான். ஆனால் எந்த ஆள்?

என் முகத்தில் அந்தக் கேள்வி ஓடியதை அவள் கண்டுவிட்டாள். என்னுடைய பிள்ளையல்லவா? கோபம் வந்தால் அவள் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். போனாள். அவருடைய தாய் லா சப்பல் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் பாரிசுக்கு வருகிறார், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார், என்ன வேண்டுமானாலும் கேள், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காதே, கேட்டாயானால் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. சொன்னால் செய்வாள்.

"சும்மா இருமப்பா. பொடியனுக்கு வேலை இருக்கு, குடி இல்லை, வேறை என்ன வேணும்?" என்றார் என் மனுசன். அவர் சும்மா இருக்கப் பிறந்தவர். என்னால் முடியுமா? காலையில் கடையைத் திறந்தால் கை ஒரு இடத்தில் நிற்காது. அடுக்கின வெண்டிக்காயைக் குலைத்து மறுபடி அடுக்குவேன். மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்துவிட்டு வாங்கின ஆளோடேயே சண்டை பிடிப்பேன். சாதியைத்தானே கேட்கக்கூடாது, ஊரை விசாரிக்கக்கூடாதென்று அவள் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு சமாதானம் பிறந்தது.

மகள் சொன்னபடி பொடியனின் ஊர்ப் பெயர் கப்பெஸ்தேர். லண்டனுக்குப் போன் எடுத்தேன், சுவிசுக்கு எடுத்தேன். உலகத்தில் எந்த ஊரையும் மூன்று போனில் பிடிக்கிறவள் நான். ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அது எங்கடை ஊரிலை வடமராட்சிப் பக்கமோ?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் கடைக்குப் பச்சை வாழைக்காயும் வள்ளிக்கிழங்கும் வாங்க வருகிற தபால்காரப் பெண் ஒருத்தி குவாதலூப்காரி. காயை நகத்தால் கீறிப் பார்த்துத்தான் எடுப்பாள். கப்பெஸ்தேர் தெரியுமா என்று கேட்டேன். "தெரியுமே! எப்பவும் மழை, எங்கே பார்த்தாலும் வாழை. போறதென்றால் குடை கொண்டு போ" என்றாள். அங்கே இந்திய ஆட்கள் எப்படி என்றேன். நிறையப் பேர், நல்ல சனம் என்றாள். எந்த எந்த மாதிரி ஆட்கள் என்று இழுத்தேன். "கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கனபேர் இரண்டுக்கும் போவார்கள்" என்று சொல்லிவிட்டு வாழைக்காயைப் பையில் போட்டாள். இதை வைத்து நான் என்ன செய்கிறது?

இரண்டு கடை தள்ளிப் பித்தளை விளக்கும் சேலையும் விற்கிற புதுச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். "அடிமைங்களை விடுதலை பண்ணிட்டாங்க, கரும்பு வெட்ட ஆள் இல்ல. அப்ப எங்க பக்கத்துலேருந்துதான் கப்பல் கப்பலா ஏத்தினாங்கம்மா. புதுச்சேரி, காரைக்கால், இன்னும் உள்ளேருந்தும் வந்து ஏறினாங்க" என்றார்.

"ஆர் ஆர் ஏறினவை, அண்ணை?"

"பசிச்சவங்க ஏறினாங்க" என்றார் அவர், விளக்கைத் துடைத்துக்கொண்டே. என்னை ஒரு மாதிரிப் பார்த்தது போலவும் இருந்தது. நான் விளக்குக்கு விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தேர் நாள் வந்தது. ரூ பஜோல் தொடக்கம் எங்கள் கடை வாசல் வரைக்கும் சனம். றோட்டில் குவித்த தேங்காயை உடைக்க உடைக்க இளநீர் ஓடி என் சேலைக் கரை நனைந்தது. மகள் பொடியனின் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த, கறுத்த, நிமிர்ந்த மனுசி. வெள்ளைச் சட்டை, தலையில் மஞ்சள் துணி. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தார் றோட்டில் வெறுங்காலோடு நின்றார். தேர் கிட்ட வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். தமிழ்! மாரியம்மனைக் கூப்பிடுகிற பாட்டு. சொல்லெல்லாம் தேய்ந்து போயிருந்தாலும் தமிழ். கருத்துத் தெரியுமா என்று பிறகு கேட்டேன். தெரியாது, அப்பா பாடினதைக் கேட்டுப் பாடுகிறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே, இந்தப் பாட்டை எங்கள் பக்கத்தில் ஆர் பாடுகிறவர்கள் என்று என் மூளை ஒரு மூலையில் கணக்குப் பார்த்தது. அந்த மூளையை என்ன செய்கிறது?

எங்கள் வீடு ரூ பஜோலுக்குப் பின்னால், மூன்றாம் மாடி. தேர் நாளென்றபடியால் மரக்கறிச் சாப்பாடு. மேசையைச் சுற்றி என் மனுசன், மகள், பொடியன், பொடியனின் தாய், நான். என்னுடையது கடைப் பிரெஞ்சு, விலையும் நிறையும் சொல்லப் போதும். அதற்கு மேல் போனால் மகள் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா வாழைக்காய்க் கறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தான் வாழைக்குலையைக் கழுவிப் பெட்டியில் அடுக்குகிற கொட்டிலில்தான் உடம்பை முறித்ததாகச் சொன்னார். பென்சன் எடுத்த பிறகும் கனவில் பெட்டி அடுக்குவாராம்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். "உங்கடை ஊர்க் கோயில் எந்தப் பக்கம்?"

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவரும் அவரிடம் ஊரைக் கேட்டதில்லையாம். அப்பளத்தை எடுத்து இரண்டாக உடைத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தீவு வண்ணாத்திப்பூச்சி மாதிரி இரண்டு செட்டையாம். இது தட்டை நிலம், கரும்பு. இது மலை, உச்சியில் புகைகிற எரிமலை. மலைச் செட்டையின் கிழக்குக் கரையில், காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில் ஒரு பருப்பை வைத்து, "கப்பெஸ்தேர்" என்றார். கடல் அங்கே பொல்லாததாம். மழை மலையில் பெய்து ஆறாக இறங்குமாம். பெருந்தெருவில் இரண்டு பக்கமும் பனை வரிசை என்று படம் காட்டினார். நெடுநெடுவென்று நின்றது, ஆனால் நுங்கும் இல்லை, கள்ளும் இல்லையாம். பிறகேன் அதை நட்டார்கள் என்று என் மனுசன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"கிணறு?" என்றேன்.

"கிணறு எதற்கு? ஆறு இருக்கிறதே."

"ஆத்திலை ஆரார் அள்ளுறவை?"

"எல்லாரும்தான்" என்றார், கேள்வி விளங்காமல். மகள் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

ஒழுங்கை மிச்சம் இருந்தது. உங்கள் பழைய ஆட்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்றேன். தெரு இல்லை, நீள வரிசையாக ஒரே கூரை, அறைக்கு ஒரு குடும்பம் என்றார். முன்னர் அடிமைகள் கிடந்த இடமாம். அவர்கள் வெளியேற, இவர்களைக் கொண்டுபோய் அதே இடத்தில் விட்டார்களாம். பக்கத்து அறையில் ஆர் என்றேன். கப்பலில் பக்கத்தில் படுத்தவர் என்றார். சுற்றிச் சுற்றிச் சுப்பற்றை கொல்லைக்குள் என்பார்கள், அங்கேதான் நின்றேன். ஒவ்வொரு கேள்வியும் கடைசியில் அந்தக் கரும்புத் தோட்டத்திலேயே போய் முடிந்தது.

அந்த அம்மா தானாகவே கதையைத் தொடர்ந்தார். அப்பா கரும்பு வெட்டினார். பெரிய சீனி ஆலை இருந்தது, அது மூடிப் போயிற்று. பிறகு வாழை. பூச்சிக்கென்று வாழை அடியில் ஒரு மருந்து போடச் சொன்னார்கள், வெறுங்கையால் போட்டோம். அது மண்ணுக்குள் இறங்கிவிட்டது, இப்போது சொந்த வளவில் கிழங்கு நட்டுத் தின்னப் பயம், ஆற்றில் இறால் பிடிக்கத் தடை. வாழை மட்டும் கப்பலேறி இங்கே வருகிறது என்றார்.

"காணியெல்லாம் ஆருடையது?"

"பெக்கேயுடையது" என்றார். பெக்கே என்றால் ஆர் என்று கேட்டேன். பழைய காலத்தில் பிரான்சில் இருந்து போய்க் காணி பிடித்த வெள்ளைக் குடும்பங்கள். முதலில் அடிமைகளை வைத்திருந்தார்கள், பிறகு எங்களை. எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் நிலமும் கடையும் அவர்களிடம். கல்யாணம் தங்களுக்குள்தான் கட்டுவார்கள், பாட்டன் ஆர் பூட்டன் ஆர் என்று கேட்டுத்தான் கட்டுவார்கள், வெளியே கட்டின பிள்ளையை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். "அப்படியும் மனிதர் இருக்கிறார்கள், மதாம்" என்றார்.

"என்ன சனமப்பா!" என்று நானும் மனம் நொந்து சொன்னேன்.

பாயாசம் ஊற்றினேன். எல்லாம் நல்லபடி முடிந்துகொண்டிருந்தது. மகளின் முகம் இளகி, பொடியனோடு ஏதோ கதைத்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டது நான்தான். ஒரு அகப்பை பாயாசம் கையில் இருக்க, "கப்பலுக்கு முன்னம், உங்கடை ஆக்கள் என்ன சாதி?" என்று நேரே பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். பிரெஞ்சில் அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்றே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மகள் கரண்டியை வைத்தாள். என் மனுசன் தலையைக் குனிந்தார்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. "அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கப்பலில் ஒரே பானையில் வடித்த சோறாம். அதற்குப் பிறகு யார் கேட்பது?" என்று சிரித்தார். பிறகு கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, கண் மினுங்க, "உங்களுக்குத் தெரியுமா? தெரிந்த ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை. நீங்கள் என்ன, சொல்லுங்கள்" என்றார்.

ஊரூராக இந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். என்னை ஒருவரும் கேட்டதில்லை. பாயாசம் ஆறுகிறது, குடியுங்கோ என்றேன்.

கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுகிற என் மகள், அன்றைக்குத் தெளிவான தமிழில், "சொல்லுங்கோ அம்மா. கேட்டனீங்களெல்லே, சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று அந்த அம்மா கேட்டார்.

"காணி உள்ள ஆக்கள்."

"காணியில் யார் வேலை செய்தது?"

"வேறை ஆக்கள்." மகள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

"அவர்கள் எங்கே இருந்தார்கள்?"

"எங்கடை காணியிலைதான். ஒரு ஓரத்திலை, கொட்டில் போட்டு."

"தண்ணீர்?"

"நாங்கள் அள்ளி ஊத்துவம்."

"உங்கள் வீட்டுக்குள் வருவார்களா?"

"முற்றம் வரைக்கும்."

"உங்களோடு இருந்து சாப்பிடுவார்களா?"

என் மனுசன் எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனார். மேசையில் தண்ணீர் நிறைய இருந்தது.

அந்த அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. மகன் பக்கம் திரும்பிச் சின்னக் குரலில் ஒரு சொல் சொன்னார்.

"பெக்கே."

பொடியன், "அம்மா!" என்று அவரின் கையைப் பிடித்தான். அவர் கையை விடுவித்து, மஞ்சள் துணியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகவே என்னிடம் சொன்னார்: "உங்கள் மகள் நல்ல பிள்ளை, மதாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அப்படிப்பட்ட வீட்டில் கட்டினதில்லை. ஊரில் அண்ணன் இருக்கிறார், மற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. விசாரிக்க வேண்டும்."

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் காசுப் பெட்டிக்கு முன்னால், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்து நிற்கிற தாய்மாருக்கு இருக்கிற முகம் என் பிள்ளைக்கு வந்திருந்தது. ஐயோ, நான் வாயை விட்டதால் என் பிள்ளையை வேண்டாமென்று சொல்லப் போகிறார்களே. மேசையைச் சுற்றி ஓடிப்போய் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தேன். கடைப் பிரெஞ்சும் வரவில்லை. தமிழில்தான் வந்தது. மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், அவளுக்கும் குரல் வரவில்லை.

"பிள்ளை இல்லை, மதாம். அவள் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டது நான். அவளை விட்டிட்டு என்னை விசாரியுங்கோ."